பாராதைராய்டு கூடினால் எலும்புக்கு என்ன ஆகும்? ஸ்கேன் அறையில் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எலும்பு அடர்த்தி பார்க்கும் டெக்சா ஸ்கேன் அறையில் 16 வருடமாக வேலை பார்க்கிறேன். வருகிறவர்கள் என்னை ‘சிஸ்டர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். நான் நர்ஸ் இல்லை, டெக்னீஷியன். ஸ்கேன் பத்து பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும், கேள்விகள்தான் முடியாது. டாக்டரிடம் கேட்கத் தயங்கியதையெல்லாம் மேசையில் படுத்துக்கொண்டு என்னிடம் கேட்பார்கள். ‘ஹைப்பர் பாராதைராய்டு’, அதாவது பாராதைராய்டு சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்கிறது என்று சீட்டில் எழுதி வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள். அவற்றை எழுதி வைத்தேன். பதில்களை எங்கள் ஹார்மோன் டாக்டரிடம் காட்டித் திருத்திக்கொண்டேன். இதை வைத்து நீங்களே மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்யாதீர்கள். டாக்டரிடம் என்ன கேட்கலாம் என்று தெரிந்துகொள்ளத்தான் இது.

பாராதைராய்டுன்னா தைராய்டுதானே சிஸ்டர்? நான்தான் ஏற்கனவே தைராய்டு மாத்திரை போடறேனே?

இல்லை. பெயர்தான் ஒன்றுபோல இருக்கிறது. தைராய்டு கழுத்தின் முன்பக்கம் இருக்கும் சுரப்பி. அதன் முதுகில் ஒட்டிக்கொண்டு, பெரும்பாலானவர்களுக்கு நான்கு சின்னச் சுரப்பிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஓர் அரிசி அளவு. அவைதான் பாராதைராய்டு. பக்கத்து வீடு என்பதைத் தவிர இரண்டுக்கும் வேலையில் தொடர்பு கிடையாது. தைராய்டு மாத்திரை இதற்கு மருந்தும் இல்லை.

இந்தச் சுரப்பியை முதலில் பார்த்தது மனித உடலில் இல்லை என்பது ஒரு வேடிக்கை. 1849ல் லண்டன் மிருகக்காட்சி சாலையில் இறந்த ஓர் இந்தியக் காண்டாமிருகத்தை அறுத்துப் பார்த்தபோது ரிச்சர்ட் ஓவன் கண்டார். மனிதரிடம் இருப்பதை 1880ல் ஸ்வீடனில் மருத்துவ மாணவராக இருந்த ஐவர் சாண்ட்ஸ்ட்ரோம் விவரித்தார். அது எதற்காக இருக்கிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது.

கழுத்துல இருக்கற சுரப்பிக்கும் கால் எலும்புக்கும் என்ன சம்பந்தம்?

கால்சியம்தான் சம்பந்தம். நம் உடம்பில் ஏறக்குறைய ஒரு கிலோ கால்சியம் இருக்கிறது. அதில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும். மிச்சம் இருக்கும் கொஞ்சத்தில்தான் நரம்பும் தசையும் இதயமும் ஓடுகின்றன. அதனால் ரத்தத்தில் கால்சியம் ஒரு டெசிலிட்டருக்கு 8.5 முதல் 10.5 மில்லிகிராமுக்குள் இருந்தாக வேண்டும். இந்த அளவைக் காவல் காப்பதுதான் பாராதைராய்டின் வேலை. கொஞ்சம் குறைந்தாலும் பி.டி.எச். என்ற ஹார்மோனை விடும். அளவு சரியானதும் நிறுத்திக்கொள்ளும்.

எலும்பை வீட்டு நெல் குதிர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பி.டி.எச். மூன்று இடத்தில் வேலை செய்கிறது. குதிரிலிருந்து கால்சியத்தை எடுக்கிறது. சிறுநீரில் போகும் கால்சியத்தைத் தடுத்து நிறுத்துகிறது. சிறுநீரகத்தில் வைட்டமின் டியை முடுக்கி, குடலைச் சாப்பாட்டிலிருந்து இன்னும் கொஞ்சம் கால்சியத்தை இழுக்க வைக்கிறது. சுரப்பி ஒழுங்காக இருக்கும்வரை இரவில் எடுத்த நெல் பகலில் திரும்பக் குதிருக்குப் போய்விடும். சுரப்பி கெட்டுப்போய், நிறுத்தவே தெரியாமல் ஹார்மோனை விட்டுக்கொண்டிருந்தால் குதிரில் இறங்குகிற கை ஏறுவதே இல்லை.

ரத்தத்துல கால்சியம் ஜாஸ்தின்னு ரிப்போர்ட்ல இருக்கு. அப்போ எலும்பு நல்லா உறுதியாத்தானே இருக்கணும்?

எனக்குக் கிடைக்கும் கேள்விகளில் இதுதான் முதலிடம். ரத்தத்தில் கூடியிருக்கும் அந்தக் கால்சியம் வானத்திலிருந்து வரவில்லை. அதில் ஒரு பங்கு உங்கள் எலும்பிலிருந்து வந்ததுதான். குதிர் காலியாகிக்கொண்டிருக்கும்போது முற்றத்தில் நெல் கொட்டிக் கிடப்பதைப் பார்த்து ‘நல்ல விளைச்சல்’ என்று சொல்வது போல இது.

பத்து வருஷமா கால்சியம் மாத்திரை சாப்பிட்டேன். அதனால வந்ததா?

இல்லை. கால்சியமும் வைட்டமின் டியும் அளவுக்கு மீறிப் போனால் ரத்தத்தில் கால்சியம் ஏறத்தான் செய்யும். ஆனால் அப்போது நல்ல சுரப்பி வாயை மூடிக்கொள்ளும், பி.டி.எச். அடிமட்டத்துக்குப் போகும். கால்சியம் ஏறியிருக்கும்போது பி.டி.எச்.சும் ஏறியிருந்தால், அல்லது இறங்க வேண்டிய நேரத்தில் இறங்காமல் ‘நார்மல்’ என்று நின்றிருந்தால், கோளாறு சுரப்பியில். அதனால்தான் டாக்டர் இரண்டையும் ஒரே ரத்தத்தில் பார்க்கச் சொல்கிறார். கால்சியம் போன மாதம், பி.டி.எச். இந்த மாதம் என்று எடுத்துக்கொண்டு வந்தால் ஒன்றும் புரியாது.

சுரப்பி எதனால கெட்டுப்போகுது? கேன்சரா?

நூற்றில் 80, 85 பேருக்கு நான்கில் ஒரே ஒரு சுரப்பியில் அடினோமா என்ற சாதாரணக் கட்டி வந்திருக்கும். சிலருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட சுரப்பிகள் பெருத்திருக்கும். புற்றுநோய் என்பது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. பெண்களுக்கு, அதுவும் மாதவிடாய் நின்ற பிறகு, ஆண்களைவிட மூன்று நான்கு மடங்கு அதிகமாக வருகிறது. கழுத்தில் முன்பு கதிர்வீச்சு சிகிச்சை எடுத்தவர்களுக்கும், மனநோய்க்காக லித்தியம் மாத்திரையை நீண்ட காலம் எடுப்பவர்களுக்கும் வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். மற்றபடி ‘ஏன் எனக்கு?’ என்பதற்குப் பெரும்பாலும் பதில் இருக்காது. நீங்கள் சாப்பிட்டதோ சாப்பிடாததோ காரணம் இல்லை.

எனக்கு எந்த வலியும் இல்லையே, அப்புறம் எதுக்கு பயப்படணும்?

எலும்பு கரைவதில் சத்தமே வராது. உடையும்போதுதான் தெரியும். நோய் முற்றியவர்களுக்கு வலி இருக்கும். அது ஒரு மூட்டில் இல்லாமல் உடம்பு பூராவும் மந்தமாக வலிக்கும், முழங்காலுக்குக் கீழே தொட்டாலே வலிக்கும். தரையில் உட்கார்ந்தால் கையை ஊன்றாமல் எழ முடியாத அளவுக்குத் தொடையில் பலம் போகும். அதோடு சிறுநீரகக் கல், மலச்சிக்கல், அடிக்கடி தாகம், காரணமில்லாத சோர்வு, மனச்சோர்வு என்று ஒவ்வொன்றாக வரும். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு டாக்டரைப் பார்த்துவிட்டுத்தான் பலர் இங்கே வந்து சேர்கிறார்கள். கல்லுக்கு ஒருவர், வயிற்றுக்கு ஒருவர், முதுகுக்கு ஒருவர்.

முட்டி தேஞ்சு போச்சுன்னு சொன்னாங்க. அதுவும் இதுவும் ஒண்ணா?

இல்லை. ‘தேய்மானம்’ என்ற ஒரே சொல்லை நாம் இரண்டு நோய்க்கும் வைத்திருப்பதால் வரும் குழப்பம் இது. முட்டித் தேய்மானத்தில் மூட்டுக்குள் இருக்கும் குருத்தெலும்பு தேய்கிறது. இங்கே எலும்பே உள்ளுக்குள் மெலிகிறது. ஒருவருக்கே இரண்டும் இருக்கலாம். முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே இதைத் தவறவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

முதுகும் இடுப்பும் ஸ்கேன் எடுத்தாச்சு. கையை வேற எதுக்கு எடுக்கறீங்க? எக்ஸ்ட்ரா காசா?

இந்தப் பதிலை மட்டும் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். எலும்பில் இரண்டு வகை உண்டு. வெளிச்சுவராக இருப்பது கெட்டி எலும்பு. உள்ளே தேன்கூடு மாதிரி இருப்பது பஞ்சு எலும்பு. மாதவிடாய் நின்றபின் வரும் சாதாரண எலும்பு மெலிவில் பஞ்சு எலும்புதான் முதலில் போகும். முதுகெலும்பில் பஞ்சு அதிகம், அதனால் முதுகு ஸ்கேனில் அது பிடிபட்டுவிடும். பாராதைராய்டு கூடினால் வழக்கம் தலைகீழ். அடி விழுவது கெட்டிச் சுவருக்கு. சுவர் உட்பக்கமாக மெலியும், சுவருக்குள்ளேயே பொடிப்பொடியாகத் துளை விழும். செல்லரித்த மூங்கில் மாதிரி. வெளியே பார்த்தால் பருமன் குறைந்திருக்காது.

மணிக்கட்டுக்கு மேலே முன்கை எலும்பில் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் ஓர் இடம் இருக்கிறது. அங்கே ஏறக்குறைய முழுவதும் கெட்டி எலும்புதான். இந்த நோயில் அடர்த்தி மிக அதிகமாகக் குறைவது பெரும்பாலும் அங்கேதான், இடுப்பு நடுவில், முதுகு கடைசியில். வேலைக்குச் சேர்ந்த புதிதில் சீட்டில் எழுதியதை மட்டும் எடுப்பேன். சத்துணவுக் கூடத்தில் சமைக்கும் ஓர் அம்மா வந்தார். முதுகில் டி ஸ்கோர் (எலும்பு அடர்த்தியைச் சொல்லும் எண், மைனஸில் இறங்க இறங்க மெலிவு) மைனஸ் 1.4. ‘பெரிதாக ஒன்றும் இல்லை’ என்று சொல்லி அனுப்பினேன். அடுத்த வருடம் இடது மணிக்கட்டில் மாவுக்கட்டோடு வந்தார். குழம்புப் பாத்திரத்தை இறக்கும்போது உடைந்ததாம், விழக்கூட இல்லை. அன்றைக்கு வலது முன்கையை எடுத்தேன். மைனஸ் 3.9. ரத்தத்தில் கால்சியம் 12க்கு மேல். அதிலிருந்து சீட்டில் கால்சியம் கூடுதல், சிறுநீரகக் கல் என்று எதைப் பார்த்தாலும் டாக்டருக்கு போன் செய்து ‘முன்கையும் எடுக்கட்டுமா?’ என்று கேட்டுவிடுகிறேன்.

முதுகு பத்திரம் என்றும் அர்த்தமில்லை. ஸ்கேனில் எண் நன்றாக இருந்தும் முதுகெலும்பு நசுங்கியவர்கள் உண்டு. அதனால் பக்கவாட்டில் ஒரு முதுகு எக்ஸ்ரேயும் கேட்பார்கள். முதுகு வலிக்காமலே நசுங்கியிருக்கும், உயரம் குறைந்திருக்கும். பழைய புடவை திடீரென்று தரையில் புரள ஆரம்பித்தது என்று ஒருவர் சொன்னார். அது நல்ல அளவுகோல்.

டி ஸ்கோர் மைனஸ் 3ன்னா எலும்பு முப்பது சதவீதம் போச்சுன்னு அர்த்தமா?

அப்படி நேர்க்கணக்கு போடக் கூடாது. ஆரோக்கியமான இளம் வயதுப் பெண்களின் சராசரியிலிருந்து நீங்கள் எவ்வளவு விலகி இருக்கிறீர்கள் என்பதைச் சொல்லும் எண் அது. மைனஸ் 1 வரை சரி. மைனஸ் 2.5ம் அதற்குக் கீழேயும் ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்பு மெலிவு நோய். 50 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு இதற்குப் பதில், அவர்கள் வயதுக்காரர்களோடு ஒப்பிடும் இசட் ஸ்கோரைப் பார்ப்பார்கள்.

தாடையில கட்டின்னு பல் டாக்டர் அனுப்பினார். பயாப்ஸியில என்னமோ பெரிய செல் இருக்காம். கேன்சரா சிஸ்டர்?

பாராதைராய்டு நோய் முற்றினால் எலும்பு சில இடங்களில் மொத்தமாகக் கரைந்து குழியாகும். அந்தக் குழியில் நார்த் திசுவும் எலும்பைக் கரைக்கும் பெரிய செல்களும் நிறையும். ரத்தம் கசிந்து உறைந்து உள்ளே பழுப்பு நிறமாக இருக்கும் என்பதால் ‘பிரவுன் டியூமர்’ என்று பெயர். பெயரில்தான் டியூமர், இது புற்றுநோய் இல்லை. தாடை, விலா, இடுப்பு, கைகால் நீள எலும்புகளில் வரும். நுண்ணோக்கியில் பார்த்தால் எலும்பில் வரும் வேறொரு பெரிய செல் கட்டியிலிருந்து பிரித்துச் சொல்வது கடினம். பிரித்துக் காட்டுவது ஒரு சாதாரண ரத்தப் பரிசோதனை: கால்சியமும் பி.டி.எச்.சும். எலும்புக் கட்டியில் கத்தி வைப்பதற்கு முன் அந்தப் பரிசோதனையைச் செய்தீர்களா என்று கேட்பது தப்பே இல்லை. சுரப்பியைச் சரிசெய்தால் பல கட்டிகள் தானாகவே மாதக்கணக்கில் எலும்பாக நிரம்பிவிடுகின்றன.

எக்ஸ்ரேயில் இன்னும் சில அடையாளங்கள் உண்டு. ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நடு எலும்பின் கட்டைவிரல் பக்கத்து ஓரம் எலி கொறித்தது போல இருக்கும். மண்டை ஓடு உப்பும் மிளகும் தூவியது போலத் தெரியும். பல்லைச் சுற்றி இருக்க வேண்டிய மெல்லிய வெள்ளைக் கோடு மறைந்திருக்கும்.

வெளிநாட்டுல எல்லாம் சும்மா ரத்தம் பாக்கும்போதே கண்டுபிடிச்சிடறாங்களாமே. நம்ம ஊர்ல மட்டும் ஏன் எலும்பு உடைஞ்சப்புறம் தெரியுது?

அங்கேயும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தது. ஸ்ட்ராஸ்பர்க்கில் வேலை பார்த்த வான் ரெக்லிங்ஹாசன் 1891ல் இந்த எலும்பு நோயை விவரித்தார். சுரப்பிதான் காரணம் என்று அவருக்குத் தெரியாது. 1925ல் வியன்னாவில் டிராம் வண்டி கண்டக்டர் ஒருவர் எலும்பு கரைந்து நடக்க முடியாமல் கிடந்தார். ஃபெலிக்ஸ் மாண்டல் என்ற அறுவை மருத்துவர் முதலில் பாராதைராய்டு குறைவாக இருப்பதால் வந்தது என்று நினைத்து, வேறொருவரின் சுரப்பிகளை எடுத்துப் பொருத்திப் பார்த்தார். பலன் இல்லை. பிறகு கழுத்தைத் திறந்து பெருத்திருந்த சுரப்பியை எடுத்தார். அந்த மனிதர் எழுந்து நடந்தார். சில வருடம் கழித்து நோய் திரும்பியது என்றாலும், எலும்பு நோயின் வேர் கழுத்தில் இருக்கிறது என்பது அந்த ஆபரேஷனில் நிரூபணமானது.

1970களில் மேலை நாடுகளில் எந்த ரத்தப் பரிசோதனைக்குப் போனாலும் கால்சியத்தையும் சேர்த்துப் பார்க்கும் இயந்திரங்கள் வந்தன. எலும்பு கெடும் முன்பே ஆட்கள் பிடிபட ஆரம்பித்தார்கள். நம் நாட்டில் மாஸ்டர் ஹெல்த் செக்கப்பில் சர்க்கரை, கொழுப்பு, தைராய்டு எல்லாம் இருக்கும். கால்சியம் பல பட்டியலில் இருக்காது. அதோடு வைட்டமின் டி பற்றாக்குறை இங்கே பரவலாக இருக்கிறது. அது இந்த நோயை எலும்பில் இன்னும் மோசமாக்குகிறது. இந்திய மருத்துவமனைகளில் வரும் நோயாளிகள் மேலை நாட்டவரைவிட இளையவர்களாகவும், எலும்பு நோயோடும் வருகிறார்கள் என்பது மருத்துவர்கள் திரும்பத் திரும்ப எழுதியிருக்கும் விஷயம்.

எனக்கு பி.டி.எச். ஜாஸ்தி, ஆனா கால்சியம் நார்மல். எனக்கும் அதே நோயா?

பெரும்பாலும் இல்லை. இது அநேகமாகச் சுரப்பியின் குற்றம் இல்லை, சுரப்பி தன் வேலையைச் செய்கிறது. வைட்டமின் டி குறைந்தால் குடல் கால்சியத்தை எடுக்காது. ரத்த அளவைக் காப்பாற்றச் சுரப்பி கூடுதலாக உழைக்கும். சிறுநீரகம் மந்தமானாலும் இப்படித்தான். இதை இரண்டாம் நிலை என்பார்கள். காரணத்தைச் சரிசெய்தால் எண் இறங்கிவிடும். ஆனால் இரண்டாம் நிலையிலும் எலும்பிலிருந்துதான் எடுக்கிறது என்பதை மறக்க வேண்டாம். சும்மா விட்டுவிடும் விஷயம் இல்லை.

இரண்டு சிக்கல்கள். ஒன்று, ரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் குறைவாக இருந்தால் கால்சியமும் குறைவாகத் தெரியும். அதைத் திருத்திக் கணக்குப் போட்டால் கூடுதலாக வரலாம். இன்னொன்று, வைட்டமின் டி மிகவும் குறைந்திருந்தால் அது உண்மையான முதல்நிலை நோயையே, அதாவது சுரப்பியே கெட்டு வருவதையே மூடி மறைக்கும். டியைச் சரிசெய்தபின் கால்சியம் மேலே வரும்.

முடி கொட்டுதுன்னு பயோட்டின் சாப்பிடறேன். அதைச் சொல்லணுமா?

கட்டாயம் சொல்லுங்கள். பல லேப்களில் பி.டி.எச். பார்க்கும் முறையில் பயோட்டின் புகுந்து எண்ணைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். எத்தனை நாள் முன்பே நிறுத்த வேண்டும் என்று லேப்பிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கால்சியத்துக்கு ரத்தம் எடுக்கும்போது கையை ரப்பரால் நீண்ட நேரம் இறுக்கிக் கட்டி வைத்தாலும் எண் கொஞ்சம் ஏறும். ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து யாரும் முடிவெடுப்பதில்லை.

24 மணி நேர மூத்திரத்தை கேன்ல பிடிச்சுட்டு வரச் சொல்றாங்க. அவமானமா இருக்கு. அது அவசியமா?

அவசியம். குடும்பத்தில் பரம்பரையாக வரும் ஒரு நிலை இருக்கிறது. அவர்களுடைய சுரப்பியில் கால்சியத்தை அளக்கும் முள் பிறவியிலேயே கொஞ்சம் தள்ளி வைக்கப்பட்டிருக்கும். ரத்தத்தில் கால்சியம் கூடுதல், பி.டி.எச். இறங்காமல் இருக்கும். அப்படியே இந்த நோய் மாதிரி. ஆனால் சிறுநீரில் கால்சியம் மிகக் குறைவாகப் போகும். அவர்களுக்குப் பொதுவாக எலும்பு கெடாது, ஆபரேஷன் செய்தாலும் பயன் இல்லை. அந்தக் கேன்தான் வேண்டாத கத்தியிலிருந்து காப்பாற்றுகிறது. ஒரு துணிப்பையில் போட்டு எடுத்து வாருங்கள், யாரும் பார்க்க மாட்டார்கள்.

பால், கேழ்வரகு, முருங்கைக்கீரை எல்லாத்தையும் நிறுத்திட்டேன். சரிதானே?

சரியில்லை. சாப்பாட்டில் கால்சியத்தை வெட்டினால் சுரப்பி இன்னும் வெறியோடு குதிருக்குள் இறங்கும். எல்லோருக்கும் சொல்கிற நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் கணக்கு உங்களுக்கும் பொருந்தும், டாக்டர் வேறு சொன்னால் ஒழிய. வழக்கமான சாப்பாட்டைச் சாப்பிடுங்கள். நிறையத் தண்ணீர் குடியுங்கள். மாத்திரையாகக் கால்சியம் எடுப்பது மட்டும் வேறு கணக்கு, அதை டாக்டர் சொல்லட்டும்.

வைட்டமின் டியும் இதே கதைதான். ‘கால்சியம் ஏறியிருக்கிறது, டி எடுத்தால் இன்னும் ஏறும்’ என்று பயந்து நிறுத்துகிறார்கள். குறைவாக இருப்பவர்களுக்கு நிதானமாக, ரத்தம் பார்த்துப் பார்த்துக் கொடுப்பதுதான் இப்போதைய வழக்கம். கடையில் தாங்களே வாங்கி வாரம் 60,000 யூனிட் போட்டுக்கொள்வதைத்தான் தவிர்க்க வேண்டும்.

அப்பாவுக்கு டயாலிசிஸ். பி.டி.எச். 800ன்னு வந்திருக்கு. அவருக்கும் கழுத்துல ஆபரேஷனா?

அவருடையது முன்பு சொன்ன இரண்டாம் நிலை. சிறுநீரகம் பாஸ்பரஸை வெளியேற்றாது, வைட்டமின் டியையும் முடுக்காது. நான்கு சுரப்பிகளும் சேர்ந்து வீங்கும். முதலில் சாப்பாட்டில் பாஸ்பரஸைக் குறைப்பது, அதைக் குடலிலேயே பிடிக்கும் மாத்திரை, முடுக்கப்பட்ட வைட்டமின் டி, சுரப்பியை அடக்கும் சினாகால்செட் என்று மருந்தில்தான் ஆரம்பிப்பார்கள். மருந்துக்கு அடங்காவிட்டால்தான் ஆபரேஷன்.

டயாலிசிஸ் எடுப்பவருக்கு பி.டி.எச்.சை நம்முடைய நார்மலுக்குக் கொண்டுவரக் கூடாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். லேப் சொல்லும் மேல் எல்லையைப் போல 2 முதல் 9 மடங்குக்குள் வைக்கப் பார்ப்பார்கள். ரொம்பவும் அடக்கிவிட்டால் எலும்பு தூங்கிப் போகும், புதுப்பிக்கவே செய்யாது, அதுவும் உடையும். இவர்களுடைய முதுகு எக்ஸ்ரேயில் ஒவ்வொரு எலும்பும் மேலேயும் கீழேயும் வெளுத்து, நடுவில் மங்கி, கோடு போட்ட பனியன் மாதிரி இருக்கும்.

மாத்திரையிலேயே குணமாகாதா? கழுத்துல கத்தி வைக்கப் பயமா இருக்கு.

முதல்நிலை நோய்க்கு ஆபரேஷன்தான் குணம். மருந்துகள் பாதி பாதி வேலை செய்யும். அலெண்ட்ரோனேட் போன்றவை எலும்பின் அடர்த்தியைக் கூட்டும், ரத்தக் கால்சியத்தை நிரந்தரமாகக் குறைக்காது. சினாகால்செட் கால்சியத்தைக் குறைக்கும், எலும்பைக் கூட்டாது. ஆபரேஷன் தாங்க முடியாதவர்களுக்கு இவை.

அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்கும் சில நிலைகளில் ஆபரேஷன் சொல்வார்கள்: ஏதாவது ஓரிடத்தில் டி ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது கீழே, முதுகெலும்பு முறிவு, சிறுநீரகக் கல், சிறுநீரகம் வடிகட்டும் அளவு (ரிப்போர்ட்டில் eGFR என்று இருக்கும்) 60க்குக் கீழே, கால்சியம் மேல் எல்லையை 1 மில்லிகிராமுக்கு மேல் தாண்டியது, வயது 50க்குக் கீழே. ‘ஏதாவது ஓரிடம்’ என்பதில் முன்கையும் சேர்த்தி. நான் முன்கைக்கு இவ்வளவு அலட்டிக்கொள்வது அதனால்தான்.

கழுத்து ஸ்கேன்ல கட்டி எதுவும் தெரியலையாம். அப்போ நோயே இல்லைதானே?

நோய் இருக்கிறதா என்பதை ரத்தம் சொல்லும். எங்கே இருக்கிறது என்பதை மட்டும்தான் ஸ்கேன் சொல்லும். அல்ட்ராசவுண்டிலும் செஸ்டாமிபி ஸ்கேனிலும் தெரியாத சுரப்பி உண்டு. இடம் மாறி நெஞ்சுக்குள் இருப்பதும் உண்டு. அமெரிக்கக் கப்பல் கேப்டன் சார்லஸ் மார்ட்டெல் கதை இதில் பிரபலம். எலும்பு நொறுங்கி 18 சென்டிமீட்டர் உயரம் குறைந்தார். ஆறு ஆபரேஷனில் கிடைக்காத கட்டி, 1932ல் ஏழாவதில் நெஞ்சுக்குள் கிடைத்தது. காலம் கடந்திருந்தது, சில வாரங்களில் சிறுநீரகக் கல் தொல்லையில் இறந்துபோனார். இன்று அப்படித் தேடி அலைய வேண்டியதில்லை, வேறு ஸ்கேன்கள் இருக்கின்றன. பி.டி.எச். சில நிமிடங்களிலேயே ரத்தத்திலிருந்து மறையும் என்பதால், சுரப்பியை எடுத்துப் பத்து நிமிடம் கழித்து தியேட்டரிலேயே ரத்தம் பார்ப்பார்கள். பாதிக்கு மேல் இறங்கியிருந்தால் சரியான சுரப்பியை எடுத்தாயிற்று. இந்த ஆபரேஷனுக்கு அனுபவமுள்ள கையைத் தேடிப் போங்கள், இதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

ஆபரேஷன் முடிஞ்சு மூணாவது நாள் வாயைச் சுத்தி மரமரன்னு இருக்கு. பக்கவாதமா?

கால்சியம் இறங்குகிறது. உடனே மருத்துவமனைக்குத் தகவல் சொல்லுங்கள், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். வருடக்கணக்கில் சுரண்டப்பட்ட குதிர், எடுக்கிற கை நின்றவுடன் கிடைத்த கால்சியத்தையெல்லாம் வாரிக்கொள்கிறது. ‘பசித்த எலும்பு’ என்றே இதற்குப் பெயர். விரல் நுனி மரத்துப்போவது, கை இழுத்துக்கொள்வது எல்லாம் இதில் வரும். எலும்பு நோய் முற்றியவர்களுக்கும், ரத்தத்தில் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதி அதிகம் இருந்தவர்களுக்கும், வைட்டமின் டி குறைந்தவர்களுக்கும் கூடுதலாக வரும். சிலருக்கு ஊசி வழியாகக் கால்சியம் ஏற்ற வேண்டியிருக்கும், மாத்திரை பல மாதம் போகும். முன்பு எந்த மாத்திரையைத் தொடாதே என்றார்களோ அதையே இப்போது கைநிறையத் தருவதைப் பார்த்துக் குழம்பாதீர்கள்.

போன எலும்பு திரும்ப வருமா?

வரும். இதில்தான் இந்த நோய் மற்ற எலும்பு மெலிவைவிடக் கொடுத்து வைத்தது. வலி சில வாரங்களிலேயே குறைய ஆரம்பிக்கும். முதுகிலும் இடுப்பிலும் அடர்த்தி முதல் ஓரிரு வருடத்திலேயே தெரியும்படி கூடும், அதற்குப் பிறகும் கூடலாம். முன்கை சோம்பேறி, மெதுவாகத்தான் வரும், சிலருக்குப் பெரிதாக வராது. வளைந்து ஒட்டிய எலும்பு தானாக நிமிராது, நசுங்கிய முதுகெலும்பு பழைய உயரத்துக்கு வராது. எனக்கு முன்கையின் அருமையைக் கற்றுக்கொடுத்த அந்த அம்மாவுக்கு இரண்டு வருடத்தில் முதுகும் இடுப்பும் நன்றாக ஏறின. முன்கை மைனஸ் 3.9லிருந்து 3.4. ‘இவ்வளவுதானா?’ என்று கேட்டார். ஆனால் அதற்குப் பிறகு எதுவும் உடையவில்லை.

இதே ஹார்மோனைத்தான் எலும்பு வளர ஊசியா போடறாங்களாமே? எங்க மாமியாருக்குப் போடறாங்க. இதென்ன குழப்பம்?

நல்ல கேள்வி, டாக்டர்களுக்கே பிடித்த கேள்வி. அந்த ஊசி டெரிபாரடைட், பி.டி.எச். ஹார்மோனின் 84 கண்ணிகளில் முதல் 34. பி.டி.எச். எலும்பைக் கரைக்கும் செல்லுக்கு நேரடியாக உத்தரவு போடுவதில்லை. எலும்பைக் கட்டும் செல்களிடம்தான் முதலில் பேசுகிறது, அவை கரைக்கும் செல்களை எழுப்புகின்றன. நாளுக்கு ஒருமுறை ஊசியாகப் போய்ச் சில மணி நேரத்தில் மறைந்துவிட்டால், கட்டும் செல்கள் வேலையைத் தொடங்கியிருக்கும், கரைக்கும் கூட்டம் முழுதாகச் சேர்ந்திருக்காது. லாபம் எலும்புக்கு. இரவும் பகலும் விடாமல் ஓடினால் கரைப்பவர்கள் கை ஓங்கிவிடும். ஒரே மருந்து, நேரம்தான் வேறு. அதனால் உங்களுக்கு அந்த ஊசி கூடாது. மாமியாரின் மருந்தை ‘எலும்புக்குத்தானே’ என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எனக்கு வயசு 27தான். எங்க அம்மாவுக்கும் இது இருந்துச்சு. பரம்பரையா?

இந்த வயதில், அதுவும் வீட்டில் இன்னொருவருக்கு இருந்தால், மரபணுப் பரிசோதனையைப் பற்றிக் கேட்க வேண்டும். சில பரம்பரை நோய்களில் பாராதைராய்டோடு பிட்யூட்டரி, கணையம் அல்லது தாடையும் சேர்ந்து பாதிக்கப்படும். அவர்களுக்கு ஒரு சுரப்பியை மட்டும் எடுத்தால் போதாமல் போகலாம். ஆபரேஷனுக்கு முன்பே சொல்ல வேண்டிய விஷயம் இது.

அடுத்த ஸ்கேனுக்கு வரும்போது என்ன கொண்டுவரணும்?

பழைய ரிப்போர்ட்டையும் படத்தையும் கொண்டு வாருங்கள். முடிந்தால் அதே இயந்திரத்தில் எடுங்கள், இயந்திரம் மாறினால் எண்ணை ஒப்பிட முடியாது. முந்தைய நாளிலிருந்து கால்சியம் மாத்திரை வேண்டாம், வயிற்றில் கரையாமல் கிடந்தால் முதுகுப் படத்தில் எலும்போடு சேர்ந்து விழும். சமீபத்தில் வயிற்றுக்கு சாயம் கொடுத்து எக்ஸ்ரேயோ சி.டி.யோ எடுத்திருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். முன்கை என்றால் நீங்கள் எழுதாத கையைத்தான் எடுப்போம். அந்தக் கை வளையலை வீட்டிலேயே கழற்றிவிட்டு வாருங்கள். இறுகிப்போன வளையலுக்குச் சோப்புத் தண்ணீர் தேடுவதில்தான் என் பாதி நாள் போகிறது.